கூரை மேல் ஒரே ஒரு தோட்டா

சரியாக அந்த இடத்தில் கரண்ட் போய்விட்டது. மொட்டைமாடியில் முகமூடிக்காரன் ஒருவன் புகைபோக்கியோடு சேர்த்துச் சங்கிலியால் கட்டப்பட்டிருக்கிறான். கையில் ஒரு துப்பாக்கி, கீழே போட முடியாதபடி டேப் சுற்றி ஒட்டப்பட்டிருக்கிறது. உள்ளே ஒரே ஒரு தோட்டா. எதிரில் நிற்பவன், கட்டிப்போட்ட இன்னொருவனைக் காட்டி, இவனை நான் கொல்லப்போகிறேன், தடுக்க வேண்டுமானால் நீ என்னைக் கொல் என்கிறான். டிவி கறுத்தது. ஃபிரிட்ஜ் ஒருமுறை செருமிவிட்டு அடங்கியது. "லோட் ஷெட்டிங்" என்றார் தாத்தா, தூறல் விழுகிறது என்று சொல்வதுபோல.

2023 புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை. தென்னாப்பிரிக்காவின் டர்பனில், இந்தியர்கள் மிகுந்த சாட்ஸ்வர்த்தில், தாத்தாவின் வீடு. பெரியவர்களுக்கு நான் எடுக்கும் தமிழ் வகுப்பு வழக்கமாகக் கோயில் கூடத்தில் நடக்கும். மாதம் ஒருமுறை மட்டும் யாராவது ஒருவர் வீட்டில் கூடி, ஏதாவது ஒன்றைப் பார்த்துவிட்டு அதைப் பற்றித் தமிழிலேயே பேச வேண்டும் என்று ஏற்பாடு. வாய் தவறி ஆங்கிலம் பேசினால் ஐந்து ரேண்ட் அபராதம், ஊறுகாய் ஜாடியில். இங்கே பிறந்து நான்கு ஐந்து தலைமுறை ஆனவர்களுக்குத் தமிழ் என்பது பெரும்பாலும் தேவாரமும் சமையலும்தான். வாதாடவும் தமிழ் வேண்டும் என்பது என் பிடிவாதம்.

அன்று நாலு பேர். தாத்தா நீதிமன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆன்ட்டி அரசு மருத்துவமனையில் விபத்துப் பிரிவு நர்ஸ். தம்பி ஒரு வக்கீலிடம் பயிற்சியில் இருக்கிறான், தொடரைத் தேர்ந்தெடுத்ததும் அவன்தான். அப்புறம் நான். மேசையில் கால் ரொட்டியைக் குடைந்து பீன்ஸ் குழம்பு ஊற்றிய, இங்கே 'பன்னி சௌ' என்று சொல்லும் பண்டம், விரதமாயிற்றே.

அந்த எபிசோடை ஒரு வழக்காக எடுத்துக்கொண்டு இருட்டில் இரண்டு மணி நேரம் பேசினோம். முடிவு தெரியாமலே. அதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

வழக்கின் விவரம்

தொடர் 'டேர்டெவில்'. இரண்டாம் பருவம் 2016 மார்ச்சில் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. நாங்கள் பார்த்தது அதன் மூன்றாவது எபிசோடு. மேட் மர்டாக் பார்வை இல்லாதவன், ஆனால் மற்ற புலன்கள் அபாரக் கூர்மை. பகலில் வக்கீல், கத்தோலிக்கன். இரவில் முகமூடி போட்டுக்கொண்டு நியூயார்க்கின் ஹெல்ஸ் கிச்சன் பகுதியில் ரௌடிகளை அடித்துப் போடுகிறவன். அடிப்பான், எலும்பை முறிப்பான், ஆனால் கொல்ல மாட்டான். அதுதான் அவன் போட்டுக்கொண்ட கோடு.

எதிரில் நிற்பவன் ஃபிராங்க் கேஸில். பனிஷர் என்று காமிக்ஸ் வாசகர்களுக்குத் தெரிந்தவன், 1974ல் ஸ்பைடர்மேன் கதையில் வில்லனாக வந்து நாயகனாக நிலைத்துப்போனவன். அமெரிக்க மரைன் படையின் முன்னாள் வீரன். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் பூங்காவில் ரௌடிக் கும்பல்களின் துப்பாக்கிச் சண்டையில் செத்துப்போனார்கள். அதிலிருந்து கும்பல்காரர்களைத் தேடித் தேடிச் சுடுகிறான். அவன் கண்ணில் மேட் அரைகுறை. நீ அடித்துப் போடுகிறவன் எழுந்து வந்து மறுபடியும் அதையே செய்கிறான், நான் அடித்தவன் எழுந்திருப்பதில்லை என்பது அவன் வாதம்.

மூன்றாவது ஆள் குரோட்டோ. ஐரிஷ் கும்பலின் அடியாள். ஃபிராங்க் நடத்திய வேட்டையில் தப்பி, வக்கீல் என்று மேட்டிடமே வந்து பாதுகாப்புக் கேட்டவன். அரசு வழக்கறிஞர் அவனைத் தூண்டிலில் மாட்டிய புழுவாக்க, அது சொதப்பி, இப்போது ஃபிராங்க்கின் கையில் சிக்கியிருக்கிறான்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஃபிராங்க் சும்மா மிரட்டவில்லை. முதலில் குரோட்டோவை வாய் திறக்க வைக்கிறான். ஆளைக் கொன்றதையும், அதைப் பார்த்துவிட்ட ஒரு வயதான பெண்மணியைச் சேர்த்துக் கொன்றதையும் அவன் வாயாலேயே சொல்ல வைக்கிறான். காப்பாற்றப்பட வேண்டியவன் அப்பாவி என்ற வசதியை மேட்டிடமிருந்து, நம்மிடமிருந்தும், பிடுங்கிக்கொள்கிறான். அதற்குப் பிறகுதான் தேர்வு.

"துப்பாக்கி முனையில வாங்குன வாக்குமூலம் கோர்ட்டு வாசப்படி தாண்டாது" என்றார் தாத்தா. அது சரிதான். ஆனால் குரோட்டோ பொய் சொல்லவில்லை என்பதும் நமக்குத் தெரியும்.

சட்டம் விட்டுவிடும், அப்புறம் என்ன?

தம்பி முதலில் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டான். "மேட் சுட்டிருந்தா குற்றமே இல்லை, டீச்சர்."

இங்கே தென்னாப்பிரிக்கச் சட்டத்தில் தற்காப்பு என்றால் தன்னைக் காப்பது மட்டுமல்ல. சட்டவிரோதமான தாக்குதல் ஒன்று இதோ நடக்கப்போகிறது, வேறு வழியில்லை என்றால், முன்பின் தெரியாத ஒருவரைக் காப்பாற்றக்கூடத் தாக்குகிறவனைக் கொல்லலாம். அது நியாயமான செயல், மன்னிக்கப்பட்ட குற்றம்கூட அல்ல. கதை நடக்கும் நியூயார்க்கிலும் தண்டனைச் சட்டத்தின் 35.15ஆம் பிரிவு ஏறக்குறைய அதையே சொல்கிறது. மேட் வக்கீல். அவனுக்கு இது தெரியாமல் இருக்காது.

அப்படியானால் ஃபிராங்க் விரித்திருப்பது சட்டத்தின் வலை அல்ல. சட்டம் முழுசாக அனுமதிக்கும் ஒரு கொலையைத் தாம்பாளத்தில் வைத்து நீட்டுகிறான். கெட்டவன் ஒருவனைக் கொன்று ஓர் உயிரைக் காப்பாற்று, யாரும் உன்னைக் கேள்வி கேட்கப்போவதில்லை. அந்தக் கூரையில் சோதிக்கப்படுவது மேட் தனக்குத்தானே போட்டுக்கொண்ட விரதம் ஒன்று மட்டும்தான். இந்தக் கோணத்தை நான் அதற்கு முன் யோசித்ததே இல்லை. மிரட்டப்பட்டவன் குற்றம் செய்யலாமா என்ற பழைய கேள்வி என்றுதான் நினைத்திருந்தேன்.

அந்தப் பழைய கேள்விக்கும் இங்கே ஒரு பிரபலமான பதில் உண்டு. 1972ல் அன்றைய மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்த கோலியத் வழக்கு. ஒருவன் கத்தியோடு நின்று, இவனைக் கட்டு, இல்லாவிட்டால் உன்னையும் கொன்றுவிடுவேன் என்கிறான். கோலியத் என்பவர் கட்டுகிறார். கத்திக்காரன் குத்திக் கொல்கிறான். கட்டியவர் கொலையாளியா? கட்டாயத்தின் பேரில் நடந்தால் கொலைக் குற்றச்சாட்டிலிருந்துகூட முழுசாக விடுபடலாம் என்று நீதிபதிகள் சொன்னார்கள். சாதாரண மனிதனிடம் தியாகியின் வீரத்தைச் சட்டம் எதிர்பார்க்காது என்பது அதன் உட்கிடை. இங்கிலாந்துச் சட்டம் இன்றுவரை அந்த அளவுக்கு இறங்கி வரவில்லை.

ஆன்ட்டி பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு வரியில் சொன்னார்: "சட்டம் எதிர்பார்க்காத எடத்துலதானே வீரம் ஆரம்பிக்குது?" தொடர்ந்து, "ஆனா இவன் வீரத்துக்கு விலை கொடுக்கிறது யாரு? அவன் கை சுத்தமா இருக்கும், சாகப்போறது இன்னொருத்தன். தினமும் நாங்க பார்க்கிறோம். பெரிய கொள்கை பேசறவங்க யாரும் ஸ்ட்ரெச்சர்ல படுத்திருக்க மாட்டாங்க" என்றார். ஸ்ட்ரெச்சருக்கு அபராதம் உண்டா என்று ஒரு சின்னச் சண்டை நடந்தது. தள்ளுபடி செய்தோம்.

1973ல் பெர்னார்ட் வில்லியம்ஸ் என்ற தத்துவவாதி இதே வடிவில் ஒரு கதை கட்டினார். ஜிம் என்ற பயணி ஓர் ஊருக்குப் போகிறான். சுவரோரம் இருபது பேரை நிறுத்தியிருக்கிறார் ஒரு தளபதி. நீ ஒருவனைச் சுட்டால் மற்றவர்களை விட்டுவிடுகிறேன், மறுத்தால் இருபது பேரையும் சுடுவேன் என்கிறார். வில்லியம்ஸ் கணக்கை மறுக்கவில்லை. ஜிம் சுடுவதே சரியாக இருக்கலாம் என்றுகூடச் சொல்கிறார். ஆனால் ஜிம் மறுத்து இருபது பேர் செத்தால், 'ஜிம் கொன்றான்' என்று சொல்வது பொய் என்கிறார். கொன்றது தளபதி. ஒவ்வொருவனும் தன் செயலுக்குத்தான் பொறுப்பு, அடுத்தவன் என் வழியாகத் தன் திட்டத்தை நடத்திக்கொள்ள நான் குழாய் அல்ல. ஃபிராங்க்கின் தந்திரமும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. நீ சுடாவிட்டால் குரோட்டோவின் சாவு உன் தலையில் என்கிறான். துப்பாக்கியை நீட்டிக்கொண்டு நிற்பது அவன்.

ஒரு வினைச்சொல்லின் விலை

இந்த இடத்தில் தாத்தா சொன்ன ஒரு கதைக்காகவே அந்த மின்வெட்டுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

எழுபதுகளில் ஒரு கொலை வழக்கு. சாட்சிக் கூண்டில் ஒரு மூதாட்டி, ஆங்கிலம் தெரியாது. கூட நின்றவர்களைப் பற்றிக் கேட்டபோது அவள் சொன்ன வார்த்தை "சாவவுட்டுட்டாங்க." தாத்தா அதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். செத்துப்போக விட்டார்கள் என்றால் சும்மா நின்றார்கள் என்று ஆகிறது. சாகடித்தார்கள் என்றால் கொலை. அவள் வாயிலோ இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று. தடுத்திருக்கலாம், தடுக்கவில்லை, வேண்டுமென்றே தடுக்கவில்லை. அரசு வக்கீல் மேசையைத் தட்டி, கொன்றார்களா விட்டார்களா, ஒரே வார்த்தையில் சொல் என்கிறார். தாத்தா நீதிபதியிடம் அனுமதி கேட்டு, இந்த மொழியில் அது ஒரே வார்த்தைதான், உங்கள் மொழியில் எனக்கு இரண்டு வாக்கியம் வேண்டும் என்றாராம்.

"குடுத்தாரா?" என்றான் தம்பி.

"ஒண்ணரை வாக்கியம் குடுத்தார்."

கொன்றான், கொல்வித்தான், கொல்லவிட்டான், சாகவிட்டான். தமிழில் இது ஏணிப்படி மாதிரி இறங்குகிறது. ஃபிராங்க் செய்யப் பார்ப்பது, ஏணியின் கடைசிப் படியில் நிற்கும் மேட்டை இழுத்து முதல் படியில் ஏற்றுவது. சாகவிட்டாய் என்பதைக் கொன்றாய் என்று மாற்றி வாசிப்பது. அதற்காக மேட் ஏணியிலேயே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. கடைசிப் படியும் படிதான்.

அந்தப் படியைச் சட்டமும் சில நேரம் பிடிக்கும். காவல்நிலையத்தில் ஒரு போலீஸ்காரர் ஒருவரை அடிக்கிறார், மற்ற போலீஸ்காரர்கள் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். யூவல்ஸ் என்பவர் தொடுத்த அந்த வழக்கில் 1975ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், சும்மா நின்றதே சட்டவிரோதம் என்றது. அங்கே தடுப்பது அவர்கள் கடமை. தெருவில் போகிறவனுக்கு அந்தக் கடமை இல்லை. மேட் யார்? தெருவில் போகிறவனா, போலீஸா? முகமூடி போட்டுக்கொண்டு நான் இருக்கிறேன் பயப்படாதே என்று ஊருக்குச் சொன்னவன். அப்படிச் சொன்னபிறகு, எனக்கென்ன என்று நகர முடியாது. இங்கே ஆன்ட்டியின் பக்கம் நான் பாதி தூரம் போய்விட்டேன்.

தன்னுயிர் என்று போட்டிருக்கிறதே

தமிழ் வகுப்பாயிற்றே, குறள் வராமல் இருக்குமா. நான்தான் ஆரம்பித்தேன்.

தன்னுயிர் நீப்பினும் செய்யற்க தான்பிறிது
இன்னுயிர் நீக்கும் வினை

மேட்டுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை என்று நினைத்தேன். ஆன்ட்டி ஒரு வார்த்தையில் விரல் வைத்துவிட்டார். "தன்னுயிர்னுதானே போட்டிருக்கு? இங்க போகப்போறது அவன் உயிர் இல்லையே." இருபது வருடமாக இந்தக் குறளை நடத்துகிறேன், இந்த ஓட்டை கண்ணில் பட்டதில்லை. என் உயிரே போனாலும் கொல்லாதே என்று வள்ளுவர் சொல்கிறார். அடுத்தவன் உயிர் போகும்போது என்ன செய்வது என்று இந்தக் குறளில் இல்லை.

ஃபிராங்க்குக்கும் ஒரு குறள் இருக்கிறது.

கொலையிற் கொடியாரை வேந்தொறுத்தல் பைங்கூழ்
களைகட் டதனொடு நேர்

கொடியவரைக் கொலையால் தண்டிப்பது பயிருக்குக் களை எடுப்பது மாதிரி. தம்பி உற்சாகமாகிவிட்டான், பனிஷர் செய்வது இதைத்தானே என்று. தாத்தா சிரித்தார். அவருடைய தாத்தா நட்டால் வடகரையில் கரும்புத் தோட்டத்தில் களை எடுத்தவர், 1860ல் தொடங்கிய ஒப்பந்தக் கூலிக் கப்பல்களில் வந்த கூட்டத்தில் ஒருவர். "இளங்கரும்பும் களைப்புல்லும் பக்கத்துல பக்கத்துல நின்னா ஒரே மாதிரி இருக்கும்டா. எது களைன்னு சர்தார், அதான் மேஸ்திரி, சொல்லணும். நீயா புடுங்குனா உனக்குத்தான் அடி."

குறளிலும் அந்தச் சர்தார் இருக்கிறான். வேந்து என்று ஒரு சொல். களை எடுக்கும் வேலை வேந்தனுடையது, வேதனையில் துப்பாக்கி எடுத்தவனுடையது அல்ல. இந்த நாட்டிலோ வேந்தே அந்த வேலையைக் கைவிட்டுவிட்டது. 1995 ஜூனில் அரசியலமைப்பு நீதிமன்றம் மக்வான்யானே வழக்கில் மரண தண்டனையைச் செல்லாது என்றது. பதினோரு நீதிபதிகள், எல்லோரும் ஒரே முடிவு. குரோட்டோ செய்த இரண்டு கொலைக்கு இங்கே அரசே அவனைக் கொல்ல முடியாது.

அப்போதும் தம்பி விடவில்லை. கண்ணகி? கணவனை இழந்தவள், ஊரையே எரித்தவள். பத்தினிப் பெண்கள், மூத்தோர், குழந்தைகள், அறவோர் போன்றவர்களை விட்டுவிட்டுத் தீயவர் பக்கம் மட்டும் போ என்று நெருப்புக்குப் பட்டியல் கொடுத்தவள். ஃபிராங்க் வைத்திருப்பதும் அதே மாதிரிப் பட்டியல்தானே? நல்ல கேள்வி. இன்றும் எனக்கு முழுப் பதில் இல்லை. ஒன்று மட்டும் சொன்னேன். கண்ணகி மதுரைக்குத் தீ வைக்கும் முன் அரண்மனைக்குப் போனாள். சிலம்பை உடைத்துக் காட்டி வாதாடினாள். தப்பு என்று தெரிந்ததும் பாண்டியன் அங்கேயே உயிரை விட்டான். முதலில் வழக்கு, பிறகுதான் தீ. ஃபிராங்க் வழக்கைத் தாண்டிக் குதித்துவிட்டவன். அதற்குப் பிறகும் அவள் மதுரையை எரித்திருக்க வேண்டுமா என்றால், அந்த இடத்தில் எனக்கும் இளங்கோவடிகளுக்கும் கொஞ்சம் மனஸ்தாபம் உண்டு.

நான் சொன்னது

மெழுகுவத்தி பாதி கரைந்தபோது, நான் யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னேன். இருட்டு ஒரு காரணம்.

2021 ஜூலை. முன்னாள் ஜனாதிபதி ஜேக்கப் ஜூமா சிறைக்குப் போன கையோடு எங்கள் குவாசூலு நட்டால் மாகாணம் பற்றியெரிந்த வாரம். கடைகள் சூறையாடப்பட்டன, போலீஸ் கண்ணிலேயே படவில்லை, நாடு முழுக்க 350க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். தெருவுக்குத் தெரு ஆண்கள் டயரும் தள்ளுவண்டியும் பழைய சோபாவும் போட்டு மறித்துக்கொண்டு இரவெல்லாம் காவல் இருந்தார்கள். டர்பனில் இந்தியர்கள் மிகுந்த இன்னொரு பகுதியான பீனிக்ஸில் அந்தக் காவலே வேறாக மாறியது. அங்கே 36 பேர் இறந்ததாகப் போலீஸ் அமைச்சர் பிறகு சொன்னார், பெரும்பாலானோர் கறுப்பினத்தவர். யார் களை, யார் பயிர் என்று சாலை மறியலில் நின்றவர்களே முடிவெடுத்த இடங்கள் இருந்தன.

எங்கள் தெருவில் யாரும் சாகவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் கணவர் கையில் ஒரு ஹாக்கி மட்டை. நான் ஃபிளாஸ்கில் டீ கொண்டுபோவேன். ஓர் இரவு, இரண்டு மணி இருக்கும், விளக்கைத் தாழ்த்திக்கொண்டு ஒரு பக்கி வண்டி, பின்னால் திறந்த சின்ன சரக்கு வண்டி, மெதுவாக வந்தது. மறியலுக்கு முன்னால் நின்றது. ஓட்டுகிறவர் கறுப்பினத்தவர், தனி ஆள். எங்கள் பக்கம் ஒருவரிடம் லைசென்ஸ் உள்ள துப்பாக்கி இருந்தது. நல்ல மனிதர், என் மகனுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். அவர் துப்பாக்கியை நீட்டி, மூன்று எண்ணுவதற்குள் திரும்பிப் போ என்று கத்தினார். எண்ணத் தொடங்கினார்.

அந்த வண்டியால் திரும்ப முடியாது. தெரு அவ்வளவு குறுகல், பின்னால் இன்னொரு தடுப்பு. அது எனக்குத் தெரியும். நான் அங்கேயே குடியிருக்கிறவள். நான் ஒன்றும் சொல்லவில்லை. கையில் ஃபிளாஸ்க் மூடியில் டீ ஊற்றிக்கொண்டிருந்தேன், நிறுத்தவும் இல்லை. மூடி நிரம்பி விரலில் கொட்டியது. மனசுக்குள் நானும் சேர்ந்து எண்ணினேன். இரண்டு என்றபோது அந்த மனிதர் இரண்டு கையையும் ஜன்னலுக்கு வெளியே நீட்டினார். உள்ளங்கை எங்களைப் பார்த்தபடி. யாரோ, என் கணவர் இல்லை, நம்பர் பிளேட்டைப் படித்து, நம்ம டர்பன் வண்டிதாம்பா என்றார். துப்பாக்கி இறங்கியது.

மூன்று என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தாத்தாவின் ஏணியில் எனக்கு ஒரு படி இருந்திருக்கும்.

இதை ஏன் இங்கே கொண்டுவருகிறேன் என்றால், எங்கள் அலசலில் எல்லோரும் மறந்த ஒன்று அந்த எண்ணிக்கை. தாத்தா வீட்டு இருட்டில் எங்களுக்கு இரண்டு மணி நேரம் கிடைத்தது. அதற்குள் மேட்டுக்காக ஐந்தாறு வழிகள் கண்டுபிடித்தோம். காலில் சுடலாமே என்றான் தம்பி. சத்தம் போட்டுக் கீழ்வீட்டுக்காரர்களை எழுப்பலாமே என்றார் ஆன்ட்டி. பேசிப் பேசி விடியும்வரை இழுக்கலாம் என்றேன் நான். கூரையில் மேட்டுக்கு இருந்தது மூச்சு வாங்கும் நேரம். நெருக்குகிறவனின் பலம் துப்பாக்கியில் பாதி, அவசரத்தில் பாதி. இதா அதா, சொல், இப்பவே. யோசிக்க விட்டால் இரண்டு வழி நாலாகிவிடும் என்று அவனுக்குத் தெரியும்.

விரதம் என்ற ஏற்பாடே அதற்குத்தானோ என்று தோன்றுகிறது. புரட்டாசியில் கறிக்கடையைத் தாண்டும்போது நாம் ஒவ்வொரு தடவையும் யோசிப்பதில்லை, மாதம் பிறக்கும்போதே முடிவெடுத்தாயிற்று. கொல்ல மாட்டேன் என்று மேட் முன்கூட்டியே முடிவெடுத்து வைத்திருப்பதால்தான் எண்ணத் தொடங்கியதும் அவன் எண்ணிக்கைக்குள் விழவில்லை. நான் விழுந்தேன். ஆன்ட்டியின் ஆட்சேபம் அப்படியேதான் இருக்கிறது. என் விரதத்தில் பட்டினி கிடப்பது நான், மேட்டின் விரதத்தில் சாவது குரோட்டோ. இருந்தாலும் அந்தத் தெருவில் அன்று ஒரே ஓர் ஆளாவது அப்படி ஒரு விரதத்தோடு நின்றிருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். அது ஆன்ட்டியின் ஆட்சேபத்துக்குப் பதில் ஆகாது என்றும் தெரியும்.

கரண்ட் வந்தது

ஃபிரிட்ஜ் உயிர் பெற்றது. தம்பி ரிமோட்டைத் தேடினான்.

மேட் சுடுகிறான். ஃபிராங்க்கை அல்ல, தன்னைக் கட்டியிருக்கும் சங்கிலியை. அதே வேகத்தில் ஃபிராங்க் குரோட்டோவைச் சுட்டுவிடுகிறான். குரோட்டோ சாகிறான்.

அறையில் யாரும் பேசவில்லை. நாங்கள் கண்டுபிடித்த வழிகளில் சங்கிலி இல்லை. அது இருந்தும் பலனில்லை.

இதற்கு மூலம் கார்த் என்னிஸ் எழுதி ஸ்டீவ் டில்லன் வரைந்து 2000ல் வந்த பனிஷர் காமிக்ஸ். அதிலும் கூரை, சங்கிலி, துப்பாக்கி எல்லாம் உண்டு. ஆனால் அங்கே டேர்டெவில் ஃபிராங்க்கைக் குறி வைத்து விசையை இழுத்துவிடுகிறான். டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். துப்பாக்கியின் ஊசியை ஃபிராங்க் முன்பே கழற்றிவிட்டிருக்கிறான். ஃபிராங்க்குக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் கோடு தாண்டப்பட்டுவிட்டது. நீயும் என்னைப் போலத்தான் என்று நிரூபித்தாயிற்று. என்னைக் கேட்டால் காமிக்ஸ்தான் கொடூரம், காமிக்ஸ்தான் நேர்மை. தொலைக்காட்சியில் நாயகனின் கை சுத்தமாக இருக்க மூன்றாவது கதவு ஒன்றைத் திறந்துவிட்டார்கள். ஆனால் அந்தக் கதவுக்குப் பின்னால் பிணத்தைப் போட்டு வைத்தார்கள் என்பதால் பாதி மன்னித்துவிடலாம்.

பிறகு வருகிற மாடிப்படிச் சண்டை, ஒரு கையில் சங்கிலி, மறு கையில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும் காலித் துப்பாக்கி, அதைத்தான் எல்லோரும் கொண்டாடுகிறார்கள். எனக்கு அது நீளம். தம்பி மட்டும் நகம் கடித்துக்கொண்டு பார்த்தான்.

ஆன்ட்டிக்குப் பிடித்தது வேறு காட்சி. இதே எபிசோடில் மேட்டின் கூட்டாளி ஃபாகி நெல்சன் அவனைத் தேடி மருத்துவமனைக்குப் போகிறான். அங்கே விபத்துப் பிரிவில் எதிரெதிர் கும்பல்காரர்கள் இரண்டு பேர் மோதிக்கொள்கிறார்கள். ஃபாகியிடம் பலமும் இல்லை, முகமூடியும் இல்லை. நடுவில் போய் நின்று வக்கீல் மாதிரிப் பேசுகிறான். இப்போது குத்தினால் உனக்கு என்ன ஆகும், உனக்கு என்ன ஆகும் என்று. வேகம் தணிகிறது. "இதைத்தான் நாங்க ஒவ்வொரு வெள்ளிக்கிழமை ராத்திரியும் செய்யறோம்" என்றார் ஆன்ட்டி. "எங்களுக்கு யாரும் தொடர் எடுக்கல." அவசரத்தில் வந்தவனுக்கு ஒரு நிமிஷம் வாங்கிக்கொடுப்பது. எபிசோடின் நாயகன் ஃபாகிதான் என்று ஓட்டெடுப்பு வைத்தால் நான் கை தூக்குவேன்.

தாத்தா அடுத்த எபிசோடின் முதல் சில நிமிடங்களையும் போடச் சொன்னார். குரோட்டோவின் இறுதிச் சடங்கு. தேவாலயம் காலி. மேட், ஃபாகி, அவர்கள் அலுவலகத்துக் கேரன், பாதிரியார், அவ்வளவுதான். கொலைகாரன் ஒருவனுக்காக வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். பிறகு மேட் பாதிரியாரிடம் குற்ற உணர்வைப் பற்றிப் பேசுகிறான். அது நல்லதுதான், உன் வேலை இன்னும் முடியவில்லை என்று அது சொல்கிறது என்ற பொருளில் பாதிரியார் பதில் சொல்கிறார். கோலியத் வழக்கும் வில்லியம்ஸும் மேட்டை விடுதலை செய்துவிட்டார்கள். அவன் மட்டும் செய்துகொள்ளவில்லை. எனக்கு இரண்டுமே சரியாகப் படுகிறது. தாத்தா டிவியை அணைத்துவிட்டு, "சாவவுட்டுட்டான்" என்று மெதுவாகச் சொன்னார். திட்டுகிற குரலில் இல்லை.

ஜாடியில் அன்று முப்பத்தைந்து ரேண்ட் சேர்ந்திருந்தது, அதில் இருபது தம்பியுடையது.

செருப்பைப் போடும்போது ஆன்ட்டி என் பக்கத்தில் வந்து நின்றார். "அந்தப் பக்கிக்காரர் யாருன்னு அப்புறம் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது. பின்னால முழுக்க ரொட்டி. எங்கேயும் ரொட்டி கிடைக்காத வாரம் இல்லையா, எங்கிருந்தோ ஏத்திக்கிட்டு வந்திருந்தார்."

"வாங்குனீங்களா?"

"வாங்கினோம். வரிசையில நின்னு, வீட்டுக்கு ரெண்டு."